கடைசி நாற்பது மீட்டர்

மரகதத்தின் வீட்டுக்கு வழி இல்லை என்று முதலில் சொன்னவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் உமேஷ். அதை அவர் மரகதத்தின் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் செய்திருந்தார். மரகதம் கதவைத் திறந்து வெளியே வந்து பார்த்தாள். நாற்பது மீட்டர் தள்ளி, தோளில் துண்டும் கையில் போனுமாக நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க உமேஷ், கேட் தொறந்துதான் இருக்கு."

"வர முடியாது கா. வழி காட்டல."

"ஒம்பது வருஷமா வரீங்களே."

"எனக்குத் தெரியும் கா. போனுக்குத் தெரியலயே."

அவள் நடந்து போய் அவருடைய போனை எட்டிப் பார்த்தாள். கடைத்தெருவிலிருந்து கிளம்பிய நீலக் கோடு சந்து முனைவரை வந்து அங்கே நின்றுவிட்டது. அதற்கு அப்பால் சாம்பல் நிறம். கீழே எழுதியிருந்தது: 'இந்த இடத்துக்கு வழி இல்லை. வேறு இடத்தைத் தேர்ந்தெடுக்கவும்.'

"வாசல்ல போய் நின்னு, கோடு முடிஞ்சாதான் ஓடிபி கேக்கும் கா. ஓடிபி இல்லாம எறக்கினேன்னா என் வேலை போயிடும். நீங்க போய் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேளுங்க." சிலிண்டரை இறக்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

மரகதத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. பொம்மசந்திராவில் ஒரு பம்ப் கம்பெனியின் ஸ்டோர்ஸில் கிளார்க். காலை ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ் ஏறினால் மாலை ஆறரைக்கு அல்சூரில் வந்து இறங்குவாள். வீடு ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் இருந்தது. பக்கத்தில் மூடிக் கிடக்கும் பாட்டில் குடோனைத் தவிர வேறு கட்டிடம் இல்லை. அம்மா போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனியாக இருப்பதில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் அந்த நாள்வரை அவள் நம்பியிருந்தாள்.

வழி காட்டுவது மாநகர வழித்தட ஆணையத்தின் வேலை. 'தாரிதீபா', அதாவது வழிவிளக்கு, என்ற அவர்களுடைய ஆப்பில்தான் பஸ் பாஸ், தண்ணீர் பில், கேஸ் புக்கிங் எல்லாம். அது இல்லாத போன் ஊரில் இல்லை. மரகதம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஆணையத்துக்குப் போனாள்.

கேட்டில் நின்றபோதே ஏழாம் கவுன்ட்டர் நேர் எதிரே தெரிந்தது. பதினைந்து அடி இருக்கும். அவள் ஓர் அடி எடுத்து வைத்ததும் செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தார்.

"ஆப் ஆன் மாடி, ஆன் பண்ணுங்க மேடம். கோட்ட பாத்துத்தான் போகணும்."

"கவுன்ட்டர் அங்கதானே இருக்கு."

"இருக்கு மேடம், எனக்கும் தெரியுது. ஆனா வழி அது இல்ல."

நீலக் கோடு அவளை ஸ்கூட்டர் நிறுத்தும் இடம் வழியாகக் கூட்டிப்போய், கேன்டீனின் பின்பக்கம் திருப்பி, இரண்டு மாடி ஏற்றி, சாய்தளம் வழியாக இறக்கியது. கேன்டீனின் பின்னால், பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தில், வெள்ளைச் சட்டை போட்ட உயரமான ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும்.

"உங்க போன்ல சார்ஜ் இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்கு சார்."

"எனக்கு இங்க வந்ததும் ஆஃப் ஆயிடுச்சு. பத்து மணிலேர்ந்து உக்காந்திருக்கேன். பின்னாடியே வரலாமா?"

அவர் பெயர் மதலைமுத்து. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் அவருடைய வீடு. அவருக்கும் அதே புகார்தான். இருவரும் ஒரே கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏழாம் கவுன்ட்டருக்கு வந்து சேர்ந்தார்கள். செக்யூரிட்டி பதினைந்து அடி தள்ளி நின்று அவர்களுக்கு சல்யூட் வைத்தார்.

கவுன்ட்டரில் இருந்தவர் துணை வழி அலுவலர் ஜெயராமன். மரகதம் தமிழில் பேசத் தொடங்கியதும் அவர் முகம் மலர்ந்தது. தனக்குச் சொந்த ஊர் வாணியம்பாடிப் பக்கம் என்றார்.

"உக்காருங்கம்மா. பதட்டப்படாதீங்க. உங்க வழி காணாம போகல. நாங்கதான் எடுத்தோம்."

"எடுத்தீங்களா?"

"வரைபடத் தூய்மை இயக்கம். கேள்விப்பட்டிருப்பீங்க. முன்னாடி எங்க மேப்புல எல்லாச் சந்தும் இருந்துச்சு. பாக்கவே ஒரு மாதிரி இருக்கும்மா, குளிச்ச எடத்துல முடி கெடக்கற மாதிரி. புது கமிஷனர் சார் வந்தாரு, கூட்டிப் பெருக்குங்கன்னாரு. நூத்தியெண்பது நாளா யாரும் வராத வீட்டுக்குப் போற வழிய எல்லாம் எடுத்துட்டோம். இப்ப பாருங்க."

திரையை அவள் பக்கம் திருப்பினார். ஊர் சுத்தமாகத்தான் இருந்தது. நடுநடுவே துடைத்துவிட்ட இடங்கள் தெரிந்தன.

"நான் தெனம் போறேனே சார். காலைல வெளிய வரேன், சாயங்காலம் உள்ள போறேன்."

"நீங்க போறது வருகை இல்லம்மா. அது திரும்பறது. ரூல் நாலு பி. குடியிருக்கறவங்க தன் வீட்டுக்குப் போறத எல்லாம் எடுத்துக்கிட்டா, அப்புறம் ஊர்ல இருக்கற எல்லா வீட்டுக்கும் வழி காட்ட வேண்டி வந்துடும்."

அவர் அதை ஓர் ஆபத்தைச் சொல்வதுபோலச் சொன்னதால், காட்டினால் என்ன என்று மரகதம் கேட்கவில்லை.

ஜெயராமன் எதையோ தட்டினார். "உங்க வீட்டுக்குக் கடைசியா ஒருத்தர் வந்து நானூத்தி பன்னெண்டு நாள் ஆகுது. இருபத்தாறு நிமிஷம் இருந்திருக்காரு. யாரும்மா அவரு?"

மரகதம் யோசித்தாள். பின்னால் வரிசையில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"யாரோ ஒருத்தர், கல்யாணப் பத்திரிகை வெக்க வேற வீட்டத் தேடிட்டு வந்தாரு. மழை புடிச்சிக்கிச்சு. நிக்கற வரைக்கும் உள்ள உக்காந்திருந்தாரு."

"பேரு?"

"கேக்கல சார். டீ குடுத்தேன்."

படிவத்தில் 'வந்தவருக்கு உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. ஜெயராமன் 'பிற' என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் 'மழை' என்று அடித்தார். "அதுக்கு முன்னாடி வந்தவங்களையும் சொல்லட்டுமாம்மா? லிஸ்ட் இருக்கு."

"வேணாம் சார்."

வழி திரும்ப வேண்டுமென்றால் முப்பது நாளுக்குள் ஐந்து வருகைகள் நடக்க வேண்டும். குறைந்தது இரண்டு பேர் வர வேண்டும். வந்தவரின் போன் வீட்டுக்குள் இருபது நிமிடமாவது இருக்க வேண்டும்.

"இருபது நிமிஷம் எதுக்கு சார்?"

"அதுக்குக் கொறஞ்சா டெலிவரி, இல்ல தப்பா வந்தவங்க. ஒருத்தர் இருபது நிமிஷம் உக்காந்துட்டாருன்னா அது உறவுன்னு கமிட்டி முடிவு பண்ணியிருக்கு. மூணு மீட்டிங் நடந்துச்சும்மா அதுக்கே."

முப்பது நாளில் ஐந்து வருகை நடக்காவிட்டால் அந்த வீடு 'வெற்றிடம்' என்று பக்கத்துக் குடோனோடு சேர்க்கப்படும். பிறகு கரண்ட், தண்ணீர் இணைப்புகளைத் திரும்பப் பெறுவார்கள். "வெற்றிடத்துக்கு கரண்ட் குடுத்தா ஆடிட்ல கேப்பாங்க இல்லையா," என்றார் ஜெயராமன் வருத்தமாக. அவர் நல்ல மனிதர். எழுந்து நின்று வழியனுப்பினார்.

மறுநாள் ஸ்டோர்ஸில் மரகதம் வீணாவிடம் விஷயத்தைச் சொன்னாள். வீணா பக்கத்து மேஜை. பதினோரு வருஷமாக இருவரும் ஒரே டப்பாவில் ஊறுகாய் தொட்டுச் சாப்பிடுகிறவர்கள்.

"ஐயோ அக்கா, இதுக்கா இவ்ளோ? ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரேன். எத்தன வருஷமா வரணும் வரணும்னு நெனைக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை மரகதம் வீட்டைத் துடைத்தாள். சேமியா கேசரியும் மசால்வடையும் செய்தாள். கேஸ் தீர்ந்திருந்ததால் கரண்ட் அடுப்பில் ஒவ்வொன்றாகச் செய்து முடிக்க மதியமாகிவிட்டது. வீணா அத்திபெலேயிலிருந்து கிளம்பிவிட்டதாக மெசேஜ் வந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துப் போன் வந்தது.

"அக்கா, பாதி வழி வந்துட்டேன். இங்கேர்ந்து எல்லாமே ரெட்டா இருக்குதுக்கா. உங்க சந்து முனைக்கே இன்னும் ரெண்டு மணி நேரம்னு காட்டுது. புள்ளைக்கு நாளைக்கு டெஸ்ட் வேற."

"பரவால்ல வீணா. திரும்பிப் போயிடு."

"கோவம் இல்லியே?"

"ச்சே. மேப்ல ரெட்டா இருந்தா நீ என்ன பண்ணுவ."

கேசரியை அவள் மூன்று நாள் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் ஆணையத்திலிருந்து கள ஆய்வாளர் நரேஷ் வந்தார். விண்ணப்பித்த வீடு உண்மையிலேயே இருக்கிறதா என்று சரிபார்ப்பது அவர் வேலை. அவரும் சந்து முனையில் நின்று போன் செய்தார்.

"மேடம், உங்க வீட்டுக்கு வழி இல்ல."

"அதுக்குத்தானே சார் அப்ளிகேஷனே குடுத்திருக்கேன்."

"புரியுது மேடம். ஆனா நாங்க கோடு இல்லாத எடத்துக்குப் போகக் கூடாது. சர்க்குலர் இருக்கு."

மரகதம் வாசலில் நின்று கையை அசைத்தாள். "நான் தெரியறேனா சார்?"

"நல்லா தெரியறீங்க. பச்சப் புடவ."

"வீடு தெரியுதா?"

"தெரியுது மேடம். நல்ல வீடு. ஆனா நான் பாக்கறது தனிப்பட்ட முறைல. ஆய்வாளரா பாக்கணும்னா அங்க வரணும்." சற்று நேரம் இருவரும் காதில் போனை வைத்துக்கொண்டு நாற்பது மீட்டர் இடைவெளியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு நரேஷ், "மனை உள்ளதாகக் கேள்வி என்று எழுதிடறேன் மேடம். அதுதான் என்னால முடிஞ்ச உதவி," என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டை அவள் செய்யவில்லை. பசிக்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். 'கேள்வி' என்ற சொல் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பத்தொன்பது நாள் மிச்சமிருக்கையில் அவள் மறுபடி ஆணையத்துக்குப் போனாள். காத்திருக்கும் கூடத்தில் மதலைமுத்து இருந்தார். இந்தத் தடவை சட்டைப் பையில் இரண்டு போன் வைத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண், பள்ளி நோட்டுகளை மடியில் வைத்து, சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாள். பெயர் மௌரீன். நாற்பத்தொன்பது வயது. கான்வென்டில் கணக்கு டீச்சர். கணவர் மங்களூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, ஒரு அச்சகத்தின் மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள்.

"எத்தன வருகை ஆச்சு?" என்று மதலைமுத்து மரகதத்தைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. உங்களுக்கு?"

"கனடாவுல என் பையன் லாயிட் இருக்கான். வீடியோ கால்ல தெனம் அரை மணி நேரம் வரேன் டாடி, அத எடுத்துப்பாங்களான்னு கேக்கச் சொன்னான். எடுத்துக்க மாட்டாங்களாம்."

மௌரீன் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "மூணு பேரு இருக்கோம்," என்றாள். "ஆளுக்கு அஞ்சு. பதினஞ்சு வருகை. உங்க வீட்டுக்கு நான் மூணு தடவ, அவரு ரெண்டு தடவ. அவர் வீட்டுக்கு நீங்க மூணு, நான் ரெண்டு. என் வீட்டுக்கு அவரு மூணு, நீங்க ரெண்டு. சரியா வருது."

அப்படித்தான் அது தொடங்கியது. யாரும் யாரையும் அழைக்கவில்லை. கணக்கு சரியாக வந்தது, அவ்வளவுதான்.

மரகதத்தின் வீட்டுக்கு முதலில் வந்தவர் மதலைமுத்து. வந்ததும் போனை டீப்பாயின் நடுவில் வைத்தார். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர் இடையில் ஒருமுறை, "ஃபேன் நல்லா சுத்துது," என்றார். இருபதாவது நிமிடம் போன் மணியடித்து, 'வருகை ஏற்கப்பட்டது' என்றது. பரீட்சை முடிந்தவர்போல எழுந்து, "தேங்க்ஸ்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை மரகதம் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை.

மௌரீன் வீட்டில் உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான் இருந்தது. மரகதம் கட்டிலில் உட்கார்ந்தாள். மௌரீன் நோட்டுகளில் பாதியை அவளிடம் கொடுத்து, "மார்க்க மட்டும் கூட்டிக் குடுங்க," என்றாள். மணியடித்தபோது பன்னிரண்டு நோட்டு பாக்கி இருந்தது. முடித்துவிட்டுத்தான் மரகதம் எழுந்தாள். மதலைமுத்துவின் வீட்டில் இரண்டாவது முறை அவர் ஆட்டுக்கால் சூப் வைத்திருந்தார். மூன்றாவது முறை, லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் வெளியில் நிற்பவனிடம் என்னென்ன பேசுவார்கள் என்று சொன்னார். "கதவு தொறந்ததும் மொகத்தப் பாக்காம போயிடுவாங்க. ஆனா தொறக்கற வரைக்கும் சொந்தப் புள்ள மாதிரி பேசுவாங்க." மணியடித்ததை அன்று இருவருமே கவனிக்கவில்லை.

பதினைந்து வருகைகளும் பதினேழு நாளில் முடிந்தன. பதினெட்டாம் நாள் மூவருக்கும் நோட்டீஸ் வந்தது. சுற்று வருகை செய்த குற்றத்துக்காக வழித்தட அதாலத்தில் ஆஜராக வேண்டும்.

அதாலத்தை கமிஷனர் கஸ்தூரிரங்கனே நடத்தினார். பின்சுவர் முழுக்கத் துடைத்துச் சுத்தமான ஊரின் வரைபடம். அவர் மென்மையாகப் பேசினார்.

"நான் தமிழிலேயே பேசுகிறேன். தண்டனை தாய்மொழியில் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. நீங்கள் மூவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போயிருக்கிறீர்கள். போனதில் தவறில்லை. ஆனால் தன் வீட்டுக்கு வந்தவர் வீட்டுக்கே ஒவ்வொருவரும் திரும்பப் போயிருக்கிறீர்கள். இது வருகை அல்ல, பண்டமாற்று. ஒரு கேள்வி கேட்கிறேன். மரகதம் அவர்களே, மௌரீன் வீட்டுக்குப் போனபோது அவரைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போனீர்களா?"

மரகதத்துக்குப் பொய் சொல்ல வரவில்லை. "மொத தடவ இல்ல சார்."

"இரண்டாவது?"

அவள் மௌரீனைப் பார்த்தாள். மௌரீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது தடவ, ஆமா சார்."

"ஆதாரம்?"

"ஆதாரம் எப்படி சார்?"

"பார்த்தீர்களா," என்று கமிஷனர் மற்ற அதிகாரிகளைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். "ஆதாரமில்லாத ஆசைக்கெல்லாம் கோடு போட்டால் வரைபடம் தாங்காது. நான் வெளிப்படையாகப் பேசுகிறவன். இந்த நகரத்தின் நெரிசலுக்கு யார் காரணம்? ரோடு அல்ல, போகிறவர்கள். ஒருவரைப் பார்க்க ஒருவர் கிளம்புவதால்தான் ரோடு சிவக்கிறது. நான் பொறுப்பேற்றபின் இருபத்தோராயிரம் வீடுகளுக்கு யாரும் போவதில்லை. யாரும் எங்கும் போக வேண்டாத ஒரு நாள் வரும். அன்று நம் வரைபடத்தில் ஒரு கோடுகூட இருக்காது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஓய்வு பெறுவேன்."

கை தட்டினார்கள். ஜெயராமன் சற்றுத் தாமதமாகத் தட்டினார்.

பிறகு ஜெயராமன் எழுந்து கமிஷனரின் காதில் ஏதோ சொன்னார். பதினைந்து வருகைகளும் இருபது நிமிடத்தைத் தாண்டியவை. விதிப்படி அவற்றை அழிக்க முடியாது. சுற்று வருகை என்பதால் ஏற்கவும் முடியாது. அரை மணி நேரம் ஆலோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்று வீடுகளும் வெற்றிடம் ஆகாது. மூன்று வீடுகளுக்கும் இடையில் வழி காட்டப்படும். மற்ற எந்த இடத்திலிருந்தும் இந்த வீடுகளுக்கு வழி கிடையாது. நூற்றெண்பது நாளுக்கு ஒரு வருகையாவது நடந்தால் இந்த ஏற்பாடு தொடரும்.

வெளியே வந்து மூவரும் போனைத் திறந்து பார்த்தார்கள். வரைபடத்தில் ஒரு நீல முக்கோணம் இருந்தது. அது எந்த ரோட்டையும் தொடவில்லை. ஊரின் நடுவில் தனியாக மிதந்தது.

"ஐசோசிலஸ். ரெண்டு பக்கம் சமம்," என்றாள் மௌரீன்.

கேஸ் சிலிண்டரைச் சந்து முனையில் இருந்த இஸ்திரிக்காரர் பெயருக்கு மாற்றிப் புக் செய்து, மரகதம் அங்கிருந்து உருட்டிக்கொண்டு வந்தாள். கரண்ட் இருந்தது, தண்ணீர் வந்தது. அடுத்த வருகைக்கு நூற்றெண்பது நாள் அவகாசமும் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மதலைமுத்து கையில் ஸ்பேனரோடு வந்துவிட்டார்.

"கொழா சொட்டுதுன்னு சொன்னீங்களே."

அவள் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. "ஆமா சார், வாங்க," என்றாள்.

அதற்குப்பின் ஞாயிறு தோறும் யாராவது ஒருவர் யார் வீட்டிலாவது இருந்தார்கள். இப்படி ஐந்து மாதம் போனது.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை மௌரீன் போன் செய்தாள். "நேத்து மதலைமுத்து சார் போன் எடுக்கலன்னு ஸ்கூலுக்குப் போற வழியில எட்டிப் பாத்தேன் மரகதம். நாற்காலியில உக்காந்த மாதிரியே இருக்காரு."

கனடாவிலிருந்து லாயிட் வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பங்குச்சாமியார் அடக்கத்தை அறிவித்தார். ஏரிக்கரையில் ஆலமரம், அதற்கு எதிரே மூடிய மாவு மில், அதன் பக்கத்துச் சந்து என்று வாயாலேயே அடையாளம் சொன்னார். திங்கட்கிழமை நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். லிஃப்ட் கம்பெனியின் பழைய ஆட்கள், கோவில் ஆட்கள், கே.ஜி.எஃப்பிலிருந்து தம்பி ஆம்ப்ரோஸின் குடும்பம். அந்தச் சின்ன வீட்டில் நிற்க இடமில்லை. எல்லோரும் மதலைமுத்து எவ்வளவு நல்லவர் என்றும், வந்து பார்க்க வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்கள். மரகதம் எல்லோருக்கும் டீ கொடுத்தாள்.

சவ வண்டிக்காரர் பெட்டியை ஏற்றிவிட்டு, போனில் கல்லறைத் தோட்டத்தைப் போட்டார். வழி இல்லை என்றது. மறுபடி போட்டார்.

"இங்கேர்ந்து ரெண்டே ரெண்டு எடத்துக்குத்தான் காட்டுது," என்றார் ஆம்ப்ரோஸிடம். "மரகதம்னு ஒருத்தங்க வீடு. மௌரீன்னு ஒருத்தங்க வீடு. வேணும்னா அங்க கொண்டுபோயி விடலாம்."

"கல்லறைக்குப் போப்பா. ரெண்டு கிலோமீட்டர். உனக்குத் தெரியாதா?"

"எனக்கு நல்லா தெரியும் சார். இருபது வருஷமா போறேன். ஆனா காலி வண்டியத்தான் கோடு இல்லாம ஓட்டலாம், பெட்டி ஏத்தினப்புறம் ஓட்டினா லைசென்ஸ் போயிடும்."

ஆம்ப்ரோஸ் வண்டியின் பின்கதவைத் திறந்தார். பிறகு பெட்டியை இறக்கச் சொன்னார். ஆறு பேர் தோள் கொடுத்தார்கள். கூட்டம் நடந்தது. தோள் மாற்றி மாற்றி, ஏரிக்கரையைத் தாண்டி, பஸ்களுக்கு நடுவே, நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். யாரும் வழி கேட்கவில்லை. மௌரீனும் மரகதமும் கடைசியில் நடந்தார்கள். மண் போட்ட பிறகு எல்லோரும் நேரமாகிவிட்டது என்று கலைந்தார்கள்.

பத்து நாள் கழித்து, கம்பெனி பஸ்ஸில் வரும்போது மரகதத்துக்கு மௌரீனிடமிருந்து போன் வந்தது.

"ஆப்ப தொறந்து பாரு."

மரகதம் திறந்தாள். மதலைமுத்துவின் வீட்டுக்கு ஊரின் எல்லாத் திசையிலிருந்தும் நீலக் கோடுகள் வந்திருந்தன. ஹெப்பாலிலிருந்து, கெங்கேரியிலிருந்து, கே.ஜி.எஃப் ரோட்டிலிருந்து. அன்று நாற்பத்து மூன்று போன்களும் நாற்பத்து மூன்று பாக்கெட்டுகளில், இருபது நிமிடத்துக்கு மேல் அந்த வீட்டுக்குள் இருந்திருக்கின்றன. ஒன்றுகூடச் சுற்று வருகை இல்லை. அந்த வீட்டின் மேல் ஒரு நட்சத்திரம் போட்டு, 'மக்கள் விரும்பி வரும் இடம்' என்று எழுதியிருந்தது. ஆம்ப்ரோஸ் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

"உன் வீட்டப் பாத்தியா?" என்றாள் மௌரீன்.

பார்த்தாள். அவள் வீட்டுக்கும் இப்போது எங்கிருந்தும் வழி இருந்தது. ஊரின் எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் கோடு முதலில் மதலைமுத்துவின் வாசலுக்குப் போனது. அங்கே வளைந்து, முக்கோணத்தின் ஒரு பக்கமாக ஏரியைச் சுற்றி, சந்து முனையைக் கடந்து, கடைசி நாற்பது மீட்டரும் நீலமாக ஓடி, அவள் கேட்டில் முடிந்தது.

"எனக்கும் அப்படித்தான் வருது," என்றாள் மௌரீன். பஸ் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மௌரீன் வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் அறையிலிருந்து மரகதத்தின் வீட்டுக்கு நேர்கோடு உண்டு. ஆட்டோவில் ஒன்பது நிமிடம், நெரிசல் இல்லை என்று காட்டும். நான்கு மணிக்குக் கிளம்பினேன் என்று மெசேஜ் அனுப்பியவள், ஐந்து மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் கேட்டைத் திறந்தாள். செருப்பில் ஏரிக்கு அந்தப் பக்கத்துச் செம்மண் ஒட்டியிருந்தது.

மரகதம் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. டீயைச் சூடு பண்ணி எடுத்துவந்தாள்.